போனிலிருந்தே வீட்டு வைஃபை பெயரை மாற்றுவது எப்படி?

போனின் செட்டிங்ஸில் வைஃபை பெயரை அழுத்திப் பிடித்துப் பார்த்தாலும் அதைத் திருத்த வழி கிடைக்காது. பெயர் இருக்கும் இடம் ரவுட்டர். நொடிக்குச் சுமார் பத்து முறை ரவுட்டர் தன் பெயரைக் காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் போன் பட்டியல் போடுகிறது. ஆகவே போனைக் கையில் வைத்துக்கொண்டு ரவுட்டருக்குள் நுழைவதுதான் வேலை. நுழைந்துவிட்டால் இரண்டு நிமிடம். வீட்டில் உள்ள மற்ற சாதனங்களைப் புதுப் பெயருக்குப் பழக்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் யாருக்கும் ஆன்லைன் வகுப்போ அலுவலக மீட்டிங்கோ இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.

ஒருவேளை நீங்கள் மாற்ற நினைப்பது போனின் ஹாட்ஸ்பாட் பெயர் என்றால் அது போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' பகுதியில் மாற்றலாம். ஐபோனில் 'ஜெனரல்', 'அபௌட்', 'நேம்' என்று போய்ப் போனின் பெயரையே மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரை வீட்டு ரவுட்டரைப் பற்றியது.

முதலில் பெயரை முடிவு செய்யுங்கள்

ரவுட்டர் பக்கத்தைத் திறந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால், பாதியில் பக்கம் காலாவதியாகி மறுபடி லாகின் கேட்கும். பெயரை முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வைஃபை பெயருக்கு உச்ச அளவு 32 பைட். ஆங்கில எழுத்து, எண், இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு பைட் என்பதால் 32 எழுத்து வரை தாராளமாகப் போகும். தமிழில் கணக்கு வேறு. யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'தென்றல்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது த, ஒற்றைக் கொம்பு, ன, புள்ளி, ற, ல, புள்ளி என ஏழு குறிகள்; 21 பைட். 'தென்றல் இல்லம்' என்று வைக்கப் போனால் 40 பைட் ஆகிவிடும், ரவுட்டர் ஏற்காது. சுருக்கமான ஒரே சொல் என்றால் தமிழ்ப் பெயர் வைக்கலாம். ஆனால் சில ரவுட்டர்கள் ஆங்கில எழுத்தைத் தவிர எதையும் வாங்குவதில்லை. வாங்கினாலும் பழைய பிரிண்டரின் குட்டித் திரையில் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். பிரிண்டர், கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் உள்ள வீடு என்றால் ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எமோஜிக்கும் இதே கதைதான்.

மேற்கோள் குறி, சதவீதக் குறி போன்றவற்றையும் தவிர்த்துவிடுங்கள். சதவீதக் குறிகள் அடங்கிய ஒரு வைஃபை பெயரோடு இணைந்ததும் ஐபோனின் வைஃபை மொத்தமாக முடங்கிப்போன கோளாறு 2021இல் வெளியே வந்தது, ஐஓஎஸ் 14.7இல்தான் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. அந்தக் கோளாறு இப்போது இல்லை. ஆனாலும் விலை குறைந்த ஸ்மார்ட் சாதனங்களின் மென்பொருள் எந்தக் குறியில் தடுக்கி விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உங்கள் முழுப்பெயர், கதவு எண், ரவுட்டரின் மாடல் எண் ஆகியவை பெயரில் வேண்டாம். தெருவில் நடப்பவர் போனிலும் இந்தப் பெயர் தெரியும். மாடல் தெரிந்தால் அதன் பலவீனங்களைத் தேடிப் பிடிப்பது சுலபம். தொழிற்சாலையிலிருந்து வந்த பெயரை அப்படியே விட்டுவைப்பதும் சரியில்லை, அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பல வீட்டு வைஃபைகளுக்குக் காவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில், பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் சாவி தயாராகிறது. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொதுப் பெயர்களுக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவைத்த பட்டியல்கள் தாக்குபவர்களிடம் உண்டு. யாரிடமும் இல்லாத பெயர் வைத்தால் அந்தப் பட்டியல் உங்கள் வீட்டுக்கு உதவாது. அதற்காகப் பெயர் ஒன்றே காவல் காக்கும் என்று இருந்துவிட முடியாது. பாஸ்வேர்டு பலமாக இருக்க வேண்டும். டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டில் 8 முதல் 63 எழுத்து வரை இடமிருக்கிறது, குறைந்தது 15 எழுத்தாவது வையுங்கள்.

கூகுளின் இருப்பிடச் சேவை உங்கள் ரவுட்டரைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நினைத்தால், பெயரின் கடைசியில் அடிக்கோடு ஒன்று போட்டு, 'நோமேப்' என்ற ஆங்கிலச் சொல்லை இடைவெளி இல்லாமல் சின்ன எழுத்துகளில் சேர்த்துவிடுங்கள்.

ஆப் இருந்தால் ஆப் வழி

பல நிறுவனங்கள் ரவுட்டருக்கென்றே ஆப் வைத்திருக்கின்றன. டிபி-லிங்க் ரவுட்டருக்கு டெதர், அதன் மெஷ் செட்டுக்கு (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுவதும் ஒரே வைஃபை தரும் செட்) டெக்கோ, நெட்கியருக்கு நைட்ஹாக், ஆசஸுக்கு ஆசஸ் ரவுட்டர். கூகுளின் நெஸ்ட் வைஃபைக்கு கூகுள் ஹோம் ஆப்தான் ஒரே வழி. அதற்கு பிரவுசர் பக்கமே கிடையாது. இணைப்பு தரும் நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால் அந்த நிறுவனத்தின் ஆப்பிலேயே பெயர் மாற்றும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நிறுவனங்கள் ரவுட்டரைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்கின்றன. அப்படிப்பட்ட ரவுட்டரில் நீங்கள் உள்ளே போய் மாற்றிய பெயர் சில நாள் கழித்துப் பழையபடி திரும்பிவிடலாம். ஆப் வழியாக மாற்றினால் அந்தத் தொல்லை வராது.

ஆப்பில் 'ஒயர்லெஸ்' அல்லது 'வைஃபை செட்டிங்ஸ்' என்ற இடத்தில் 'நெட்வொர்க் நேம்' கட்டம் இருக்கும். திருத்தி, 'சேவ்' கொடுத்தால் முடிந்தது. இணைப்பு அறுந்து ஆப் சுற்றிக்கொண்டே நின்றால் பதற வேண்டாம், ஏன் என்று கீழே வருகிறது.

ஆப் இல்லையென்றால் பிரவுசர் வழி

1. மாற்ற வேண்டிய வைஃபையிலேயே போனை இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணையுங்கள், விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். வைஃபையில் இணையம் கொஞ்சம் மந்தமானாலும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அங்கிருந்து ரவுட்டர் பக்கம் திறக்கவே திறக்காது. விருந்தினர்களுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தாலும் திறக்காது.

2. ரவுட்டரின் முகவரியைக் கண்டுபிடியுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் விவரங்கள் வரும். அதில் 'கேட்வே' என்ற வரியைத் தேடுங்கள். சில போன்களில் 'அட்வான்ஸ்டு' அல்லது 'வியூ மோர்' என்பதை விரித்தால்தான் தெரியும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஐ' என்று இருப்பதைத் தொட்டுக் கீழே வந்தால் 'ரவுட்டர்' என்று இருக்கும். 192.168.1.1, 192.168.0.1 இரண்டும் அடிக்கடி காண்பவை. ஆனால் 192.168.31.1, 192.168.50.1, 192.168.100.1 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஊகிப்பதைவிடப் பார்த்துக் குறித்துக்கொள்வதே வேகம்.

3. பிரவுசரின் மேல்பட்டையில் அந்த எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். தேடல் முடிவுகள் வந்தால் எண்ணுக்கு முன்னால் எச்டிடிபி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு சேர்த்து மறுபடி டைப் செய்யுங்கள். 'இணைப்பு பாதுகாப்பானதில்லை' என்று சிவப்பு எச்சரிக்கை வரலாம். ரவுட்டர் தனக்குத்தானே சான்றிதழ் போட்டுக்கொள்வதால் வரும் எச்சரிக்கை இது. முகவரி உங்கள் ரவுட்டருடையதுதான் என்று சரிபார்த்துவிட்டு, 'அட்வான்ஸ்டு' தொட்டுத் தொடருங்கள். வேறெந்தத் தளத்திலும் இப்படித் தொடர வேண்டாம்.

4. லாகின் செய்யுங்கள். இங்கே கேட்பது ரவுட்டர் நிர்வாகத்துக்கான பாஸ்வேர்டு. வைஃபைக்குக் கொடுக்கும் பாஸ்வேர்டு வேறு. பலர் திரும்பத் திரும்ப வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு, ஐந்தாறு முயற்சிக்குப் பிறகு ரவுட்டர் சில நிமிடம் பூட்டிக்கொண்டதும் திணறிப்போகிறார்கள். ரவுட்டரைத் திருப்பினால் அடியில் உள்ள லேபிளில் இரண்டும் தனித்தனியாக அச்சடித்திருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் லேபிளில் எதுவும் இருக்காது. முதன்முதலில் ரவுட்டரைப் பொருத்தியபோது வைத்த பாஸ்வேர்டுதான்.

5. 'ஒயர்லெஸ்', 'டபிள்யூலேன்', 'வைஃபை' இந்த மூன்றில் ஏதாவது ஒரு பெயரில் பகுதி இருக்கும். ஃபைபர் பெட்டிகளில் அது 'நெட்வொர்க்' என்ற மெனுவுக்குள் ஒளிந்திருக்கலாம். பக்கம் போன் திரைக்கு ஒத்துவராமல் பட்டன்கள் மறைந்தால், பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டு, போனைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள்.

6. 'எஸ்எஸ்ஐடி' அல்லது 'நெட்வொர்க் நேம்' என்ற கட்டம்தான் நாம் தேடி வந்தது. கை வைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயரை முழுவதும் அழித்துவிட்டுப் புதுப் பெயரை டைப் செய்யுங்கள். சேனல், நாடு, செக்யூரிட்டி என்று பக்கத்தில் உள்ள எதையும் தொடாதீர்கள்.

7. 'சேவ்' அல்லது 'அப்ளை' தொடுவதற்கு முன் கர்சரைப் பெயரின் கடைசியில் வைத்துப் பாருங்கள். போன் கீபோர்டு பரிந்துரைத்த சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியையும் கடைசியில் சேர்த்திருக்கும். முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியும் இருக்கும். வைஃபைக்கு இடைவெளி உள்ள பெயரும் இல்லாத பெயரும் வேறு வேறு. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பட்டியலில் பார்த்தால் சரியாகவே தெரியும், ஆனால் பெயரைக் கையால் டைப் செய்ய வேண்டிய சாதனம் எதுவும் சேராது. அரை நாள் தேடினாலும் பிடிபடாத தவறு இது.

சேவ் கொடுத்ததும் நடப்பது

பக்கம் சுற்றும், பிறகு 'தளத்தை அடைய முடியவில்லை' என்று வரும். தோல்வி என்று நினைத்துத் திரும்பத் திரும்ப 'சேவ்' தட்டாதீர்கள், ரவுட்டரின் ஸ்விட்சையும் அணைக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த கிளையையே நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள்: பழைய பெயர் மறைந்ததால் போனின் இணைப்பு போய்விட்டது, அவ்வளவுதான். ஓரிரு நிமிடம் பொறுத்து போனின் வைஃபை பட்டியலைப் பாருங்கள். புதுப் பெயர் இருக்கும். தொட்டு, பழைய பாஸ்வேர்டையே கொடுங்கள்.

பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் வந்து 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் வராமல் போகலாம். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களில் ரேடார்களும் இயங்குகின்றன. அந்தச் சேனலில் பேசத் தொடங்குமுன் ரவுட்டர் குறைந்தது 60 நொடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்பது விதி. வானிலை ரேடார் சேனல்களில் சில நாடுகளில் இது 10 நிமிடம் வரை நீளும்.

இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும் ரவுட்டரில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பது சகஜம். பழைய பெயரும் புதுப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் இதுதான் காரணம். ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் எஸ்எஸ்ஐடி 1 என்பது 2.4, எஸ்எஸ்ஐடி 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸ். நடுவில் உள்ளவை காலி இடங்கள். உங்கள் போன் எதில் இணைந்திருக்கிறதோ அதைக் கடைசியில் மாற்றுங்கள், பாதியில் வெளியே தள்ளப்படுவது குறையும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதா, வேறு பெயரா? சாதாரண வீட்டுக்கு ஒரே பெயர் போதும். சிக்னலைப் பொறுத்து போன் தானே மாறிக்கொள்ளும். ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4இல் மட்டும் வேலை செய்பவை. முதல்முறை சேர்க்கும்போது ஒரே பெயரில் அவை முரண்டு பிடித்தால், ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டுச் சேர்க்கலாம்.

மற்ற சாதனங்கள்

பாஸ்வேர்டு அதேதான், பின் ஏன் டிவி தானாகச் சேரவில்லை என்ற கேள்வி நிச்சயம் வரும். சாதனங்கள் எல்லாம் வைஃபையைப் பெயரை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. பெயர் மாறினால் அது முன்பின் தெரியாத வைஃபை. போன், லேப்டாப், டிவி ஆகியவற்றில் புதுப் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்துவிடும். பிரிண்டரில் அதன் திரையிலுள்ள ஒயர்லெஸ் செட்டப்பை மறுபடி ஓட்ட வேண்டும். சிக்னலை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும், அதைத் தனியாகப் புதுப் பெயரோடு இணைக்க வேண்டும். மெஷ் செட்டில் இந்த வேலை இல்லை, ஒன்றில் மாற்றினால் மற்ற பெட்டிகளுக்குத் தானே பரவும்.

அதிகம் படுத்துபவை பல்பு, பிளக், கேமரா. இவற்றுக்குத் திரை கிடையாது. பலவற்றை ரீசெட் செய்து, அவற்றின் ஆப்பில் முதலிலிருந்து சேர்த்தாக வேண்டும். அந்தச் சிரமத்தைத் தள்ளிப்போட ஒரு குறுக்குவழி உண்டு. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4இல் இயக்கி, அதற்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அதே செக்யூரிட்டி வகையையும் கொடுத்துவிடுங்கள். பல்புகள் ஒன்றும் நடக்காததுபோல வந்து ஒட்டிக்கொள்ளும். கெஸ்ட் நெட்வொர்க் வீட்டின் மற்ற சாதனங்களோடு பேச விடாது என்பதால், இணையம் வழியாக இயங்குபவற்றுக்குத்தான் இது சரிப்படும். போனிலிருந்து நேரடியாகப் பேசும் சாதனங்கள் அடம்பிடிக்கலாம்.

இதே தந்திரத்தைத் திருப்பிப் போட்டால் இன்னொரு பயன். நாளைக்கே புது ரவுட்டர் வாங்கினால் அதற்குப் பழைய ரவுட்டரின் பெயர், பாஸ்வேர்டு, செக்யூரிட்டி வகை மூன்றையும் எழுத்து பிசகாமல் வையுங்கள். ஒரு சாதனத்தையும் தொட வேண்டியிருக்காது.

போன் சேர மறுத்தால்

பாஸ்வேர்டு சரி, பெயர் சரி, ஆனாலும் போனை ரவுட்டர் உள்ளே விடவில்லை என்றால் மேக் ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு சாதனமும் வைஃபையில் காட்டும் அடையாள எண்தான் மேக் முகவரி; பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டும் உள்ளே விடுவது இந்த ஃபில்டர். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புது மேக் முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. பெயரை மாற்றியதும் முகவரியும் மாறிவிடும். அனுமதிப் பட்டியலில் இருந்த உங்கள் போனே ரவுட்டருக்கு அந்நியமாகிவிடும். பிள்ளைகளின் போனுக்குப் போட்டிருந்த நேரக் கட்டுப்பாடும் இதே காரணத்தால் சத்தமில்லாமல் செயலிழக்கும். பெயர் மாற்றிய அன்றே பேரண்டல் கண்ட்ரோல் பட்டியலைத் திறந்து பழைய பதிவுகளைப் புதுப்பியுங்கள்.

மாற்றிய பெயர் ஒரு அறையில் தெரிகிறது, இன்னொரு அறையில் பழைய பெயரே வருகிறது என்றால் வீட்டில் இரண்டாவது பெட்டி ஒன்று சிக்னல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கென்று தனி முகவரி இருக்கும். முதன்மை ரவுட்டரில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் அதைப் பார்க்கலாம். அந்த முகவரியைத் திறந்து இதே படிகளைச் செய்யுங்கள்.

நிர்வாகப் பாஸ்வேர்டு எதுவுமே வேலை செய்யாவிட்டால் பலர் நேராக ஊசியை எடுத்து ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் பத்து நொடி அழுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ரீசெட் எல்லாவற்றையும் அழிக்கும். இணையம் வருவதற்காக நிறுவனம் உள்ளே போட்டுவைத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் அதோடு போய்விடலாம். பிறகு பெயர் மாறியிருக்கும், இணையம் இருக்காது. அந்த விவரங்கள் கையில் இருந்தால் மட்டும் ரீசெட் செய்யுங்கள், இல்லையென்றால் இணைப்பு தரும் நிறுவனத்தை அழைத்துப் பெயரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பெயரை மறைத்துவைக்கும் 'ஹைட் எஸ்எஸ்ஐடி' பெட்டி அதே பக்கத்தில் கண்ணில் படும். டிக் போட வேண்டாம். பெயரை மறைத்தால், போனே போகும் இடமெல்லாம் 'அந்த வைஃபை இங்கே இருக்கிறதா' என்று பெயர் சொல்லிக் கேட்டுத் திரியும். எளிய கருவி வைத்திருப்பவருக்கும் அது கேட்கும்.

எல்லாம் சேர்ந்த பிறகு போன்களில் பழைய பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிடுங்கள். அதே பெயரில் வேறு யாராவது வைஃபை வைத்தால் போன் அதன் பின்னால் போக முயலும். கெஸ்ட் நெட்வொர்க்குக்குப் பழைய பெயர் கொடுத்தவர்களும் போனிலிருந்து அதை நீக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் போன் அடிக்கடி கெஸ்ட் பக்கம் நழுவும். விருந்தினருக்காகக் க்யூஆர் கோடு அச்சடித்து ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துவிட்டு, ஆண்ட்ராய்டு போனின் வைஃபை பகுதியில் 'ஷேர்' தொட்டுப் புதியதை எடுத்து ஒட்டுங்கள். பழைய கோடுக்குள் இருப்பது பழைய பெயர்.